எத்தனை ஆட்டங்கள் சாட்சி?

வழக்கு மன்றத்தில் ஒரே ஒரு சாட்சியின் சொல்லை வைத்துத் தீர்ப்புக் கூறும் நீதிபதியை நாம் மதிப்பதில்லை. சாட்சி யார், எங்கே நின்று பார்த்தார், அவருக்கும் எதிர்த்தரப்புக்கும் பகை உண்டா, அவர் கூறுவதை வேறு எவரேனும் உறுதி செய்கின்றனரா என்றெல்லாம் துருவிக் கேட்ட பின்னரே தீர்ப்பு எழுதப்பட வேண்டும் என்கிறோம். ஆனால், ஓர் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்த மாத்திரத்தில் இந்த நிதானம் நம்மை விட்டு அகன்று விடுகிறது. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துபோன ஓர் ஆட்டத்தைக் கொண்டு, 'இவன் மேலானவன்; அவன் கீழானவன்' என்று தீர்ப்பளித்து விடுகிறோம். மறுநாள் முடிவு மாறினால், முன்னர்க் கூறிய தீர்ப்பை மறந்துவிட்டுப் புதியதொன்றைக் கூறுகிறோம்.

வெற்றிக்கு இரண்டு பயன்கள் உண்டு. பரிசை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது ஒன்று. ஆடிய இருவரில் யார் வல்லவர் என்பதற்குச் சான்றாக நிற்பது மற்றொன்று. முதற் பயனில் ஐயத்துக்கு இடமில்லை. விதிப்படி வென்றவருக்கே பரிசு. இரண்டாவது பயனில்தான் சிக்கல் இருக்கிறது. சான்று வலுவானதா, வலுவற்றதா என்று எடைபோட வேண்டியிருக்கிறது. அதற்கான எடைக்கற்களைப் புள்ளியியலார் செய்து தந்திருக்கின்றனர். கணக்கென்றாலே முகம் சுளிக்கும் அன்பர்கள் அஞ்ச வேண்டாம். ஒரு காசும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால், இங்கே நாம் கூறப் போவதில் பெரும்பகுதியைத் தாங்களே சரிபார்த்துக் கொள்ளலாம்.

பாக்தாதின் அளவுகோல்

இந்தக் கேள்வி புதியதன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாக்தாதில் எழுந்த கேள்வி இது. அப்பாசியக் கலீஃபாக்களின் அவையில் 'ஷத்ரஞ்ச்' என்னும் சதுரங்கம் பெருமதிப்புப் பெற்றிருந்த காலம். கலீஃபா அல்-மஃமூனின் காலத்தில் ஜாபிர் அல்-கூஃபீ, ரப்ரப், அபுன்-நஆம் ஆகிய மூவரும் முதல் வகுப்பு ஆட்டக்காரர்களாகத் திகழ்ந்தனர். அவர்களுக்குப் பின் அல்-அத்லீ நிகரற்று விளங்கினார். அவர் முதுமை எய்திய பின்னர், கலீஃபா அல்-முதவக்கிலின் முன்னிலையில் அர்-ராஸீ என்பவர் அவரை வென்றார். (மருத்துவ மேதை அர்-ராஸீ வேறு, இவர் வேறு.) அதன்பின் கலீஃபா அல்-முக்தஃபீயின் அவையில் அல்-மாவர்தீ என்னும் ஆட்டக்காரரை வீழ்த்தி அஸ்-ஸூலீ அழியாப் புகழ் பெற்றார்.

அல்-அத்லீ ஆட்டக்காரர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பினருக்கு 'ஆலியாத்' என்று பெயர். ஒருவர் எந்த வகுப்பினர் என்று அறிய, வகுப்புத் தெரிந்த ஒருவரோடு அவரை ஆட வைத்தனர். பத்து ஆட்டங்களில் ஏழுக்குக் குறையாமல் வென்றவரே மேல் வகுப்பினராகக் கருதப்பட்டார். சதுரங்கத்தின் வரலாற்றை 1913இல் விரிவாக எழுதிய ஹெச். ஜே. ஆர். மர்ரே இச்செய்தியைத் தருகிறார்.

இவ்விதியைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஓர் ஆட்டம் போதாது என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள். பத்தில் ஆறு வென்றாலும் போதாது என்றும் கருதியிருக்கிறார்கள். சிறிய முன்னிலை தற்செயலாகவும் வரக்கூடும் என்ற அனுபவ அறிவு இவ்விதிக்குள் அடங்கியிருக்கிறது. இன்றைய கணக்கைக் கொண்டு அதை அளந்து பார்ப்போமா?

முற்றிலும் சமவலிமையுள்ள இருவர், சமன் என்பதே இல்லாமல், பத்து ஆட்டங்கள் ஆடுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் காசைச் சுண்டுவது போன்றது. பத்து முறை சுண்டினால் 1,024 வகையான வரிசைகள் வரலாம். அவற்றுள் குறிப்பிட்ட ஒருவர் ஏழோ அதற்கு மேலோ வெல்லும் வரிசைகள் 176. நூற்றுக்கு ஏறத்தாழ 17. அதாவது, வலிமையில் சிறிதும் உயராத ஆறு பேர் இத்தேர்வுக்கு வந்தால், அவர்களுள் ஒருவர் தற்செயலின் தோளேறி மேல் வகுப்புக்குப் போய்விடக் கூடும். இன்றைய புள்ளியியலார் இதனினும் கடுமையான விதியைக் கேட்பர். ஆயினும், அளவுகோல் ஒன்று வேண்டும் என்று உணர்ந்து, அதற்கோர் எண்ணையும் வகுத்த பாக்தாத் நகரத்தாரின் கூர்மை வியக்கத்தக்கது.

எண்ணிக்கையின் அருமை அக்கால அரபு அறிஞர்களுக்கு வேறு துறையிலும் தெரிந்திருந்தது. மறைமொழியில் எழுதிய கடிதத்தை, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வெளிப்படுத்தும் முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தீ எழுதி வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு அத்லான், அம்முறை பலிக்க வேண்டுமானால் கடிதம் போதிய நீளமுள்ளதாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். குறுகிய கடிதத்தில் எண்ணிக்கை ஏமாற்றும். குறுகிய போட்டியிலும் அப்படித்தான்.

நான்குக்கு இரண்டு

கணக்காசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர், மாலை வேளைகளில் நம் ஊர் வாசகசாலைக்குச் செல்வதை நாம் வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு மூலையில் பிள்ளைகள் சதுரங்கம் ஆடுவார்கள். ஓராண்டு, வெளியூரில் நடந்த போட்டிக்கு ஒரே ஒரு பையனை அனுப்ப வேண்டியிருந்தது. தகுதியுடையவர் இருவர். பொறுப்பாளர்கள் இருவரையும் ஆறு ஆட்டங்கள் ஆட வைத்தனர். ஆறும் வெற்றி தோல்வியில் முடிந்தன. முடிவு நான்குக்கு இரண்டு. வென்ற பையனை அனுப்பினார்கள். அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஓரிடம் இருக்கும்போது ஒருவனைத்தானே அனுப்ப முடியும்?

ஆனால், செய்தி அத்துடன் முடியவில்லை. தோற்ற பையனின் தந்தை மறுநாள் நம்மிடம் வந்தார். சிறு கடை வைத்திருப்பவர். பிள்ளையின் மீது உயிரையே வைத்திருப்பவர்.

"மாஸ்டர், இனி இவனுக்குச் சதுரங்கம் வேண்டாம். நாலுக்கு ரெண்டு தோத்துட்டான். தலையிலே இல்லாததை நாம திணிக்க முடியுமா? பலகையை எடுத்து மச்சிலே போட்டுட்டேன்" என்றார்.

பையன் தந்தைக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்தே ஒரு ரூபாய்க் காசை எடுக்கச் சொன்னோம். ஆறு முறை சுண்டி, பூ எத்தனை, தலை எத்தனை என்று குறிக்கச் சொன்னோம். இப்படிப் பத்துச் சுற்று. அவர் வேண்டா வெறுப்பாகத் தொடங்கி, போகப் போக ஆர்வத்தோடு சுண்டினார். பத்துச் சுற்றுகளில் மூன்றே மூன்றில்தான் மூன்றுக்கு மூன்று வந்தது. மற்ற ஏழிலும் ஏதாவது ஒரு பக்கம் முந்தியிருந்தது. ஒரு சுற்றில் ஐந்துக்கு ஒன்று! தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ காசுக்கும் திறமை உண்டுன்னு சொல்லணுமா, மாஸ்டர்?" என்று கேட்டார். சிறிது நேரத்துக்குப் பின் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

கணக்கு இதுதான். ஆறு முறை சுண்டினால் 64 வரிசைகள். அவற்றுள் மூன்றுக்கு மூன்றாக வருபவை 20. எஞ்சிய 44இலும் ஒருவர் நான்கோ, அதற்கு மேலோ பெற்றிருப்பார். நூற்றுக்கு 69. சமவலிமையுள்ள இருவர் ஆறு ஆட்டங்கள் ஆடினால், பெரும்பாலும் ஒருவர் 'வென்றே' தீருவார். நான்குக்கு இரண்டு என்பது வியப்புக்குரிய முடிவே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்த இரண்டு பிள்ளைகளும் சமம் என்று நாம் கூறவில்லை; கூறவும் முடியாது. வேறுபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும், வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. உண்மையிலேயே வல்லவரான ஒருவர், ஒவ்வோர் ஆட்டத்தையும் நூற்றுக்கு 64 என்ற வாய்ப்போடு வெல்லக் கூடியவர், ஆறு ஆட்டப் போட்டியில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் நூற்றில் 37 முறை முன்னிலை பெறத் தவறி விடுவார். ஆறு ஆட்டங்கள் வல்லவரை வல்லவர் என்று காட்டவும் போதா. எளியவரை எளியவர் என்று காட்டவும் போதா. சாட்சி வாய் திறந்தான். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பலகை மச்சிலிருந்து இறங்கியது. அடுத்த ரமளானுக்குள் அவ்விரு பிள்ளைகளும் தங்களுக்குள் அறுபது ஆட்டங்கள் ஆடி முடித்தனர். சமன்களை அரையாகக் கணக்கிட்டால் 33க்கு 27. முன்னர் வென்றவனே முந்தியிருந்தான். அதுவும் தற்செயலின் எல்லைக்குள் அடங்கக்கூடிய இடைவெளிதான். ஆனால், வேறொன்று நம் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் ஆறு ஆட்டங்களில் இருவரும் பதினைந்தாவது நகர்த்தலுக்குள் குதிரையையோ யானையையோ சும்மா பறிகொடுப்பார்கள். அறுபதாவது ஆட்டத்தில் அப்படிப்பட்ட பிழை அரிதாகி விட்டது. இருவரும் சேர்ந்து உயரும்போது, அவர்களுக்கிடையிலான எண்ணிக்கை அந்த உயர்வைக் காட்டாது. ஒருவரை ஒருவர் அளக்கும் கோல், இருவரும் ஏறிய படிகளை எண்ணுவதில்லை.

நான்கு மடங்கு உழைப்பு, இரு மடங்கு தெளிவு

எத்தனை ஆட்டங்கள் ஆடினால் போதும்? இதற்கு ஒரு விதி இருக்கிறது. தற்செயலின் ஊசலாட்டம், ஆட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. சமவலிமையுள்ள இருவர் சமனில்லாத 100 ஆட்டங்கள் ஆடினால், ஊசலாட்டத்தின் அளவு, அதாவது திட்டவிலக்கம், 5 ஆட்டங்கள். எதிர்பார்த்த 50க்கு இருபுறமும் இரண்டு திட்டவிலக்கம் வரை முடிவு நகர்வது இயல்பு. எனவே, 60க்கு 40 என்ற முடிவு எல்லைக்கோட்டில் நிற்கிறது. 55க்கு 45 என்றால், அது எதையும் மெய்ப்பிக்கவில்லை.

10,000 ஆட்டங்கள் ஆடினால் திட்டவிலக்கம் 50. அப்போது 5,100க்கு 4,900 என்ற முடிவுகூட எல்லைக்கோட்டைத் தொடுகிறது. நூற்றுக்கு ஒன்று என்ற மிகச் சிறிய மேம்பாட்டைக் காணப் பத்தாயிரம் ஆட்டங்கள் வேண்டும்! தெளிவு இரு மடங்காக வேண்டுமானால் ஆட்டங்கள் நான்கு மடங்காக வேண்டும். பத்து மடங்காக வேண்டுமானால் நூறு மடங்கு. சமன்கள் மிகுதியாக இருந்தால் ஊசலாட்டம் ஓரளவு சுருங்கும். ஆயினும் விதி மாறாது.

'எல்லைக்கோடு' என்று எதைச் சொல்கிறோம்? இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலில், இருபதில் ஒரு முறைக்கு மேல் தற்செயலாக நேராத முடிவையே பொருளுள்ள முடிவு என்று கொள்ளலாம் என ஒரு வசதிக்காக வகுத்தார். 1935இல் வெளிவந்த அவரது மற்றொரு நூலில் தேநீர் பற்றிய சுவையான செய்தி ஒன்று உண்டு. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே கூறிவிட முடியும் என்று ஒரு பெண்மணி சொன்னார். எட்டுக் கோப்பைகளை, நான்கு இவ்வகை, நான்கு அவ்வகை என்று கலைத்து வைத்துச் சோதிக்கலாம் என்கிறார் ஃபிஷர். எட்டையும் தற்செயலாகச் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. ஆறு கோப்பைகள் மட்டும் என்றால் இருபதில் ஒன்று. நான்கு கோப்பைகள் என்றால் ஆறில் ஒன்று. அதை வைத்து எதையும் நம்ப முடியாது. அப்பெண்மணியின் நாவில் மாற்றமில்லை. கோப்பைகளின் எண்ணிக்கைதான் அவரது சொல்லுக்கு வலிமை தருகிறது.

ஐந்து மாதமும் நாற்பத்தெட்டு ஆட்டமும்

சிறுவர் ஆட்டம் என்று தள்ளிவிட வேண்டாம். உலகின் தலைசிறந்த இருவரின் கதையும் இதுவே. 1984ஆம் ஆண்டு செப்டம்பரில் மாஸ்கோவில் அனடோலி கார்ப்போவும் கேரி காஸ்பரோவும் உலகப் பட்டத்துக்காக மோதினர். ஆறு வெற்றிகளை முதலில் எட்டுபவருக்கே பட்டம் என்பது விதி, ஆட்டங்களுக்கு வரம்பில்லை. 27 ஆட்டங்கள் முடிந்தபோது கார்ப்போவ் ஐந்து வெற்றி, காஸ்பரோவ் ஒன்றுமில்லை. இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் தேவை. அது வரவே இல்லை. 32ஆம் ஆட்டத்தில் காஸ்பரோவ் முதல் வெற்றியைப் பெற்றார். சமன்கள் தொடர்ந்தன. 47, 48ஆம் ஆட்டங்களையும் காஸ்பரோவ் வென்றார். ஐந்து மாதங்கள் கடந்த நிலையில், 1985 பிப்ரவரி 15 அன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் கம்போமானஸ் போட்டியை முடிவின்றி நிறுத்தினார். கார்ப்போவ் 5, காஸ்பரோவ் 3, சமன் 40.

சமன்களை ஒதுக்கிவிட்டு எஞ்சிய எட்டைப் பார்ப்போம். சமவலிமையுள்ள இருவரில் யாரேனும் ஒருவர் எட்டில் ஐந்தோ அதற்கு மேலோ பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 73. உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த 48 ஆட்டங்கள், யார் வல்லவர் என்ற கேள்விக்கு ஒரு காசைச் சுண்டியதற்கு மேல் எதுவும் கூறவில்லை! ஐந்துக்குப் பூச்சியம் என்று நின்ற நேரத்திலும் வாய்ப்பு பதினாறில் ஒன்று; ஃபிஷரின் எல்லைக்கோட்டை அது தாண்டவில்லை. ஆனால், அன்று காஸ்பரோவின் கதை முடிந்தது என்று எண்ணியவர்கள் எத்தனை பேர்!

அடுத்து நடந்தது இதனினும் வியப்பு. அதே 1985இல் 24 ஆட்டங்கள் கொண்ட புதிய போட்டி நடந்தது. இம்முறை காஸ்பரோவ் 5, கார்ப்போவ் 3, சமன் 16. இருபத்திரண்டாம் வயதில் காஸ்பரோவ் உலக வாகையர் ஆனார். இரண்டு போட்டிகளையும் கூட்டினால் எட்டுக்கு எட்டு! 1990 வரை அவ்விருவரும் பட்டத்துக்காக ஆடிய ஐந்து போட்டிகளின் மொத்தக் கணக்கு: 144 ஆட்டங்கள், காஸ்பரோவ் 21, கார்ப்போவ் 19, சமன் 104. தம் காலத்தில் மற்ற எல்லாரையும் விட உயர்ந்து நின்ற இருவர், தங்களுக்குள் இவ்வளவு நெருக்கமாக நின்றனர். பட்டம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனது உண்மை. வலிமையும் அதே நாளில் இடம் மாறியது என்று எண்கள் கூறவில்லை.

இயந்திரங்களும் ஓர் அறிஞரின் முடிவும்

1997இல் நியூயார்க்கில் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி காஸ்பரோவை ஆறு ஆட்டங்களில் 3.5க்கு 2.5 என்று வென்றது. இயந்திரத்துக்கு இரண்டு வெற்றி, மனிதருக்கு ஒன்று, சமன் மூன்று. முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் காஸ்பரோவ் 4க்கு 2 என்று வென்றிருந்தார். 1997இன் முடிவு வரலாற்றுச் சிறப்பு மிக்கது. ஆனால், இரண்டுக்கு ஒன்று என்பது சான்றாக நிற்கும் வலுவற்றது. காஸ்பரோவ் மறுபோட்டி கேட்டார், நடக்கவில்லை. இயந்திரமே மனிதரை விஞ்சியது என்பதைப் பின்னர் வந்த எண்ணற்ற ஆட்டங்களே ஐயமற மெய்ப்பித்தன.

இன்று சதுரங்க நிரல்களை எழுதுவோர் இப்பாடத்தை நன்கு அறிவர். 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், மாற்றிய நிரலையும் பழைய நிரலையும் ஆயிரக்கணக்கில், பல வேளை பதினாயிரக்கணக்கில் மோதவிட்ட பின்னரே அம்மாற்றத்தை ஏற்கின்றனர். 2013 முதல் உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தங்கள் கணிப்பொறிகளை இதற்கென இரவலாகத் தருகின்றனர். வெள்ளைக்காய் கொண்டு ஆடுபவருக்கு இயல்பாகவே சிறு சாதகம் உண்டு. ஆதலால் ஒரே தொடக்க நிலையிலிருந்து இரு நிறங்களையும் மாற்றி மாற்றி ஆட வைக்கின்றனர்.

எப்போது நிறுத்துவது என்பதே இவ்வேலையில் மிகவும் நுட்பமான கேள்வி. நமக்கு வேண்டியவர் முந்தியிருக்கும் நேரம் பார்த்து, 'போதும், நிறுத்துவோம்' என்றால் முடிவு கெட்டுவிடும். தெருவில் கோலி விளையாடும் சிறுவன், தான் ஜெயிக்கும்போது 'உம்மா கூப்பிடுகிறார்கள்' என்று ஓடிவிடுவதை நாம் பார்த்ததில்லையா? இருபதில் ஒன்று என்ற எல்லையை வைத்துக்கொண்டு, நடுவே பத்து முறை எட்டிப் பார்த்து, எல்லையைத் தாண்டிய உடனே நிறுத்தினால், சமவலிமையுள்ளவர்களிடையே 'வேறுபாடு கண்டேன்' என்று தவறாகக் கூறும் வாய்ப்பு ஐந்திலிருந்து ஏறத்தாழப் பத்தொன்பது விழுக்காடாக உயர்ந்து விடுகிறது.

இதற்கு மருந்து கண்டவர் ஆபிரகாம் வால்டு. ஹங்கேரியில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இம்முறையை வகுத்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என இரண்டை ஆட்டம் தொடங்கும் முன்னரே வரைந்துவிட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னரும் சான்றைக் கூட்டிப் பார்க்கலாம். மேல் கோட்டைத் தொட்டால் ஏற்பு. கீழ்க் கோட்டைத் தொட்டால் மறுப்பு. நடுவே இருக்கும் வரை ஆட்டம் தொடரும். ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பதற்கான விலையை அக்கோடுகள் முன்கூட்டியே கணக்கில் கொண்டிருக்கின்றன. ஸ்டாக்ஃபிஷ் தொண்டர்கள் இன்று கையாள்வது வால்டின் இம்முறையையே.

அந்த அறிஞரின் வாழ்வு நம் மண்ணில் முடிந்தது என்பதைத் தமிழ் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் சொற்பொழிவுகள் ஆற்ற வந்திருந்த வால்டும் அவருடைய மனைவியும், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் விமானம் மோதி உயிரிழந்தனர். அப்போது அவருக்கு வயது 48. கணிப்பொறிகள் இரவும் பகலும் ஆடும் ஆட்டங்களுக்கு இன்று தீர்ப்பு வழங்கிக் கொண்டிருப்பது, அந்த மலைச் சரிவில் அணைந்துபோன அறிவின் ஒளி.

எண் கூறாதவை

வலுவான சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 2017 டிசம்பரில் 'ஆல்ஃபாஸீரோ' என்னும் நிரல், ஸ்டாக்ஃபிஷுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28 வென்று, 72 சமன் செய்து, ஒன்றிலும் தோற்கவில்லை என்று அறிவிக்கப்பட்டது. தற்செயலாக இப்படி நேரும் வாய்ப்பு கோடிகளில் ஒன்று. ஆனால், ஸ்டாக்ஃபிஷுக்குத் தரப்பட்ட நேர ஒதுக்கீடும் நினைவக அளவும் பொருத்தமானவை அல்ல என்று அறிந்தோர் குறை கூறினர். 2018இல் வெளியான கட்டுரையில், வேறு நிபந்தனைகளோடு ஆடிய 1,000 ஆட்டங்களின் முடிவு தரப்பட்டது: வெற்றி 155, தோல்வி 6, சமன் 839. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? 'இது தற்செயலன்று' என்று மட்டுமே கணக்குக் கூறும். காரணம் திறமையா, ஆடுகளத்தின் சாய்வா என்பதை நாமே ஆராய வேண்டும்.

முன்னர் அறிந்தவற்றையும் மறந்துவிடக் கூடாது. 2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை மாக்னஸ் கார்ல்சன் 6.5க்கு 3.5 என்று வென்றபோது, வெற்றி மூன்றுக்குப் பூச்சியம், சமன் ஏழு. அந்த மூன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கில் ஒரு முறை தற்செயலாக நேரக்கூடியதே. ஆனால், அதற்கு முன் இருவரும் பிறரோடு ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருந்தன. மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்து, உலகக் கூட்டமைப்பு 1970இல் ஏற்ற தரப்புள்ளி முறையில், அன்று கார்ல்சனுக்கு 2870, ஆனந்துக்கு 2775. இந்த இடைவெளிக்குப் பத்து ஆட்டங்களில் எதிர்பார்க்கத் தக்கது 6.3. கிடைத்தது 6.5. புதிய சாட்சி, பழைய சாட்சிகள் பலர் கூறியதையே வழிமொழிந்தான்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், சென்னையின் குகேஷ் பதினெட்டாம் வயதில் உலக வாகையர் ஆனார். டிங் லிரெனுடன் 14 ஆட்டங்கள். வெற்றி மூன்றுக்கு இரண்டு, சமன் ஒன்பது. கடைசி ஆட்டத்தில் டிங் செய்த ஒரே ஒரு யானை நகர்த்தல் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. வெற்றி தோல்வியில் முடிந்த ஆட்டங்கள் ஐந்து என்றால், ஒருவருக்கு மூன்றாவது வந்தே ஆக வேண்டும். ஆகவே புள்ளியியலுக்கு அங்கே வேலையில்லை. அதனால் குகேஷின் வாகை சிறுத்து விடுமா? சிறிதும் இல்லை. அந்த நாளில், அந்தப் பலகையின் முன், கடைசி வரை விடாது போராடியவர் அவர். பட்டம் விதிப்படி அவருக்கு உரியது. பரிசும் அளவையும் இரு வேறு பொருள்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதில் முரண்பாடு தோன்றாது.

ஆகவே, ஒரு போட்டியின் முடிவை யாரேனும் நம் முன் வைத்தால், சில கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? அவற்றுள் எத்தனை சமன்? நிறுத்துவது எப்போது என்று முன்னரே வகுத்தார்களா, முந்தியபோது நிறுத்தினார்களா? இருவருக்கும் ஒரே நிபந்தனைகளா? எத்தனை பேரில் இந்த ஒருவரை நமக்குக் காட்டுகிறார்கள்? இக்கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. சமவலிமையுள்ள 32 பேர் தோற்றவர் வெளியேறும் போட்டியில் ஆடினாலும், ஒருவர் தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் வென்று கோப்பையோடு திரும்புவார். அவரைத் தனியே பார்த்தால் 32இல் ஒன்று என்னும் அருஞ்செயல். கூட்டத்தோடு பார்த்தால், யாருக்கேனும் நேர்ந்தே தீர வேண்டிய ஒன்று.

ஆட்டத்தில் தவறான தீர்ப்பு வழங்கினால் பெரிய இழப்பு இல்லை என்று தோன்றலாம். ஆனால், அதே பழக்கத்தை நாம் வீட்டுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் கொண்டு செல்கிறோம். ஒரு தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்த பெண்ணைப் படிப்பு வராதவள் என்கிறோம். முதல் இரண்டு மாதம் நட்டப்பட்ட இளைஞனை வணிகத்துக்கு லாயக்கற்றவன் என்கிறோம். ஆறு ஆட்டங்களில் தோற்ற சிறுவனின் பலகையை மச்சில் தூக்கி எறிகிறோம். இடம் ஒன்றே இருக்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அத்தேர்வைத் தேர்வென்றே வைத்துக்கொள்வோம். எஞ்சியவர் மீது அதை ஆயுள் தீர்ப்பாக எழுதும் முன், இன்னும் சில சாட்சிகளை அழைப்போம். இன்னும் சில ஆட்டங்கள் ஆட விடுவோம்.